லடாக் முதல் பயணம்: எதைப் பார்ப்பது என்பதற்கு முன், எங்கே படுப்பது?

"ஒரு தடவையாவது லடாக் போய்விட வேண்டும்" என்று யாராவது ஒருவர் சொல்லாத நண்பர் வட்டம் இருக்காது. பைக் வைத்திருப்பவர், கேமரா வைத்திருப்பவர், இரண்டும் இல்லாமல் பாங்காங் ஏரியின் நீலத்தைப் போனில் பார்த்தே ஏங்குபவர் என்று எல்லாருக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் முதல் தடவை போகிறவர்கள் போட்டுக்கொண்டு வரும் திட்டத்தைப் பார்த்தால், ஊட்டிக்கும் மூணாறுக்கும் போடுகிற அதே திட்டமாக இருக்கும். பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி, லீவு நாட்களால் வகுத்து, "காலையில் இறங்கினதும் கர்துங் லா, மறுநாள் பாங்காங்" என்று முடித்திருப்பார்கள்.

லடாக்கில் இது எடுபடாது. அங்கே தாளில் முதலில் எழுத வேண்டியது இரவில் எந்த ஊரில் படுக்கிறோம், அந்த ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். பார்க்கும் இடங்களை அதற்குப் பிறகு அதில் பொருத்திக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் நகரும்.

உயரம் என்ன செய்யும்?

நீலகிரியில் நாம் ஏறக்கூடிய உச்சி தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லடாக்கின் முக்கிய ஊரான லேயின் கடைத்தெருவே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. விமானநிலையம் அதைவிடச் சற்றுத் தாழ்வு என்றாலும், விமானத்திலிருந்து இறங்கி, பெட்டிக்காகக் காத்து நிற்கும்போதே தொட்டபெட்டாவை விட அறுநூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கிறீர்கள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் கடற்கரை ஊரில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லா கணவாயின் உச்சியில் இது பாதியை நெருங்கிவிடும்.

உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதற்குச் சில நாள் வேண்டும். அவசரப்படுத்தினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, படி ஏறினால் தலைசுற்றல் என்று ஆரம்பிக்கும். டாக்டர்கள் இதை ஏ.எம்.எஸ். என்பார்கள். பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஓய்வெடுக்காமல் இன்னும் மேலே போனால்தான் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாகும்.

இதில் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, உடற்பயிற்சி செய்கிற திடகாத்திரமான ஆளுக்கும் இது வரும். ஜிம் போகிற இளைஞர்தான் "எனக்கென்ன" என்று முதல் நாளே மலையேறிவிட்டு ராத்திரி வாந்தி எடுப்பார். இரண்டாவது, பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதை விட ராத்திரி எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. பகலில் ஒரு கணவாய் வரை ஏறிப் போய், பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு, கீழே இறங்கிப் படுப்பதில் அவ்வளவு சிக்கல் இல்லை.

இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு போக நினைப்பவர்கள் எல்லாரும் டிக்கெட் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அசிட்டசோலமைடு, அதாவது கடைகளில் டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் மாத்திரையைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவறாமல் சொல்லியாக வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்டால், விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அது மாத்திரையின் வேலைதான், பயப்பட வேண்டாம்.

எந்த மாதம்?

பொதுவாக மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. இமயமலையின் மறுபக்கத்தில் இருப்பதால் பருவமழை லடாக்கை அவ்வளவாக எட்டாது; வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். அதற்காக மழையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மழையும் சேற்று வெள்ளமும் இருநூறு பேருக்கு மேல் பலிகொண்டன. அதைவிட, லடாக்குக்குப் போகும் மணாலி சாலை பருவமழை பெய்கிற இமாச்சல் பகுதி வழியாக வருவதால் ஜூலை, ஆகஸ்டில் நிலச்சரிவு சகஜம்.

என்னைக் கேட்டால் செப்டம்பர். கூட்டம் குறைந்திருக்கும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், ஆப்பிள் பழுத்திருக்கும், மாதக் கடைசியில் ஆற்றங்கரைப் பாப்லர் மரங்கள் மஞ்சளாக ஆரம்பிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கோடை விடுமுறையை விடக் காலாண்டு விடுமுறைதான் இதற்குத் தோது. மே மாதத் தொடக்கத்தில் போனால் மணாலி சாலை திறந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செப்டம்பர் கடைசியில் ராத்திரிக் குளிர் கடுமையாக இருக்கும், அதற்குத் தயாராகப் போனால் போதும்.

ஏப்ரலில் ஆப்ரிகாட் மரங்கள் பூக்கிற இரண்டு மூன்று வாரங்கள் தனி அழகு. பனிக்காலத்தில் உறைந்த ஸன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கிற சாதர் நடைபயணம் பிரபலம். ஆனால் இரண்டுமே முதல் பயணத்துக்கு வேண்டாம்.

விமானமா, சாலையா?

சென்னை, மதுரை, கோவை எங்கிருந்து கிளம்பினாலும் வழக்கமான வழி டெல்லி போய் விமானம் மாறுவதுதான். டெல்லியிலிருந்து லேக்கு ஒன்றேகால் மணி நேரம். விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே போய்வந்துவிடும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடும், மெல்லிய காற்று சூடேறினால் விமானம் எழும்புவதும் கடினம். அதனால் முந்தின நாள் மாலையே டெல்லி போய்ச் சேர்ந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடியற்காலை விமானத்தைப் பிடிப்பது நல்லது. ஜன்னல் சீட்டுக்குக் கூடுதல் காசு கேட்டாலும் கொடுத்துவிடலாம். பனிமலை வரிசைகளுக்கு மேலே பறக்கிற அந்த அரை மணி நேரத்துக்கு ஈடில்லை. லே விமானநிலையம் விமானப்படையின் கட்டுப்பாட்டில் இருப்பது. தரையிறங்கிய பிறகு போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

விமானத்தில் போவதில் ஒரே குறை, கடல்மட்டத்திலிருந்து ஒரே தாவலில் 3,500 மீட்டர். சாலையில் போனால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்பார்கள். அது எந்தச் சாலை என்பதைப் பொறுத்தது.

ஸ்ரீநகரிலிருந்து லேக்குச் சுமார் 420 கிலோமீட்டர். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, சோன்மார்க் 2,700, கார்கில் 2,700 என்று படிப்படியாக ஏறும். இடையில் ஸோஜி லா, ஃபோட்டு லா போன்ற கணவாய்கள் வந்தாலும் படுக்கும் ஊர்கள் எல்லாம் தாழ்வாகவே இருக்கும். வழியில் திராஸில் 1999 கார்கில் போர் நினைவிடம் இருக்கிறது. திருச்சிக்காரர்களுக்கு மேஜர் சரவணன் பெயர் தெரிந்திருக்கும். அவர் வீரமரணம் அடைந்த பட்டாலிக் மலைப்பகுதி இந்தக் கார்கில் மாவட்டத்தில்தான். நினைவிடத்துக்குப் பின்னால் நிற்கும் செங்குத்து மலைகளைப் பார்த்தால், அவற்றின் மேல் எதிரி உட்கார்ந்திருக்க, கீழிருந்து ஏறியது என்ன காரியம் என்பது விளங்கும்.

மணாலி வழியும் ஏறக்குறைய அதே தூரம், சுமார் 430 கிலோமீட்டர். 2020-இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு ரோதங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை. காட்சிக்கு இந்தச் சாலையை அடிக்க ஆளில்லை. ஆனால் பலர் இடைத்தங்கலாகப் படுக்கும் சர்ச்சு கூடாரங்கள் 4,200 மீட்டருக்கு மேல். 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியில் முந்தின ராத்திரி தூங்கியவர், மறுநாள் அங்கே படுத்தால் விடியும்வரை புரண்டுகொண்டுதான் இருப்பார். இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால் ஜிஸ்பாவில், சுமார் 3,200 மீட்டரில், இரண்டு இரவு தங்கிவிட்டு, ஒரே மூச்சில் லே போய்ச் சேருங்கள். அல்லது போகும்போது ஸ்ரீநகர், வரும்போது மணாலி. பழகின உடம்போடு திரும்பும்போது சர்ச்சுவும் ஒன்றும் செய்யாது.

எட்டு ஒன்பது நாள் லீவுதான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், விமானம்.

முதல் இரண்டு நாள்: ஒன்றும் செய்யாதீர்கள்

இதை எத்தனை பேர் சொன்னாலும் முதல் தடவை வருபவர்கள் கேட்பதில்லை. காரணம், இறங்கிய முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. வெயில் பளிச்சென்று இருக்கும், குளிர்காற்று சுகமாக இருக்கும், "நமக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். தலைவலி மெதுவாக, சாயங்காலமோ ராத்திரியோதான் வரும்.

முதல் நாள் அறைக்குப் போய்ப் படுங்கள். குளிக்க வேண்டாம் என்று விடுதிக்காரரே சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் கொஞ்சம் கண்ணயரலாம், ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்காமல் எழுந்து உட்கார்ந்து, தண்ணீரும் சூப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருங்கள். வறண்ட காற்று என்பதால் தாகம் தெரியாமலே உடம்பில் நீர் வற்றும். மது, சிகரெட், தூக்க மாத்திரை மூன்றும் கூடாது. மாடியில் அறை கொடுத்தால் கீழே மாற்றிக் கேளுங்கள். ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குவதை அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்கு மெல்ல நடக்கலாம். லே கடைத்தெருவின் நடைபாதை ஓரத்தில் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் கூடையில் டர்னிப், கீரை, கொத்தமல்லி, பருவத்தில் ஆப்ரிகாட் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வியாபாரத்துக்கு நடுவே ஒருவர் கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருப்பார், இன்னொருவர் பிரார்த்தனை மணியை உருட்டிக்கொண்டிருப்பார். விலை கேட்பதற்கு முன் "ஜூலே" என்று ஒரு வணக்கம் சொல்லுங்கள், முகம் மலரும். காய்ந்த ஆப்ரிகாட் வாங்குவதானால் சல்ஃபர் போட்ட மஞ்சள் பளபளப்பைத் தவிர்த்து, பழுப்பாகச் சுருங்கியதை எடுங்கள். அந்த ஊர்ச் சரக்கு அதுதான். கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் போலப் பருப்பும் இருக்கும். இனிப்பாக இருந்தால் சாப்பிடுங்கள், கசந்தால் துப்பிவிடுங்கள்.

தெம்பிருந்தால் சாந்தி ஸ்தூபாவுக்கு வண்டியில் போய்ச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான படிகள் உள்ள பாதையும் உண்டு, அதை ஊருக்குக் கிளம்பும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைப்பது, சளியோடு இருமல் வருவது, தள்ளாட்டம், பேச்சு குழறுவது. ஒரு குதிகாலுக்கு முன் இன்னொரு பாதத்தை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாமல் சாய்ந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். லேயில் இருந்தால் உடனே எஸ்.என்.எம். அரசு மருத்துவமனை, உயரத்தால் வரும் நோயை அன்றாடம் பார்க்கிற டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள். வேறெங்காவது இருந்தால் தாழ்வான இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். இங்கேதான் லடாக்கின் வம்பு இருக்கிறது: லேயிலிருந்து ஸ்ரீநகர், மணாலி, நூப்ரா பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் சாலையில் கிளம்பினாலும் இடையில் இன்னும் உயரமான ஒரு கணவாயை ஏறித்தான் இறங்க வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு நாளில் இவ்வளவு கண்டிப்பு.

இனி வழித்திட்டம்

எட்டு இரவுகள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று இரவு லே. மூன்றாம் நாள் மேற்கே, சிந்து நதியோடு கீழ்நோக்கிப் போங்கள். நிம்மு அருகே பச்சையும் சாம்பலுமாகச் சிந்துவும் ஸன்ஸ்காரும் கூடுகிற இடம் 35 கிலோமீட்டர். வழியில் காந்த மலை என்று ஒரு இடத்தில் எல்லா வண்டியும் நிற்கும்; கண்ணை ஏமாற்றும் சரிவு அது, காந்தமும் இல்லை ஒன்றும் இல்லை, ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை ஆல்ச்சிக்குக் கொடுங்கள். பெரிய மடாலயங்கள் எல்லாம் குன்றின் மேல் இருக்க, இது மட்டும் ஆற்றங்கரைச் சமதரையில் அடக்கமாக இருக்கும். சுமார் எண்ணூறு தொள்ளாயிரம் வருடம் பழமையான சுவரோவியங்கள், காஷ்மீரக் கைவண்ணம். உள்ளே இருட்டு, படம் எடுக்க அனுமதி இல்லை. கண் பழகும்வரை நின்று பார்த்தால், ஒரு போதிசத்துவரின் வேட்டி மடிப்புக்குள்ளேயே குட்டிக் குட்டியாகக் கோயில்களும் அரண்மனைகளும் வரைந்திருப்பது தெரியும். ஆல்ச்சி சுமார் 3,100 மீட்டர்தான் என்பதால் உடம்புக்கும் அன்று ஓய்வு. உயரம் பற்றி ரொம்பப் பயப்படுகிறவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் நேராக இந்தப் பக்கம் வந்து முதல் இரண்டு இரவை இங்கேயே தங்கிவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

நான்காம் நாள் நூப்ரா. ஏன் பாங்காங்குக்கு முன்னால் நூப்ரா? கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல் இருந்தாலும், அதைத் தாண்டி இறங்கிப் படுக்கிற திஸ்கித், ஹூண்டர் கிராமங்கள் 3,100 மீட்டர் அளவில்தான், லேயை விடத் தாழ்வு. பாங்காங் கரையோ 4,200 மீட்டருக்கு மேல். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் பயணம் கசக்கிறது.

கர்துங் லாவில் "உலகின் மிக உயரமான வாகனச் சாலை, 18,380 அடி" என்று ரொம்பக் காலம் பலகை இருந்தது. உண்மையான உயரம் அதைவிட எண்ணூறு அடி குறைவு. அந்தப் பெருமையும் 2021-இல் கிழக்கு லடாக்கின் உம்லிங் லாவுக்கு, 19,024 அடி, போனது. பலகைக்கு முன் படம் எடுக்க வரிசை நிற்கும். எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள், ஓடியாடிப் பனி எறிந்து விளையாட வேண்டாம். வாங்கிப் போன சிப்ஸ் பாக்கெட் அங்கே பலூன் மாதிரி உப்பி நிற்கும். பையில் அழுத்திவைத்திருந்தால் 'டப்'பென்று வெடித்து எல்லாரையும் பதறவைக்கும்.

நூப்ராவில் இரண்டு இரவு. திஸ்கித் மடாலயத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் 32 மீட்டர் மைத்ரேய புத்தர், ஹூண்டரின் மணல்மேடுகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள் எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடும். ஒட்டகச் சவாரிக் கூட்டத்தைப் பார்த்தால் மெரினா ஞாபகம் வரும். மறுநாள் முழுவதையும் துர்துக்குக்கு ஒதுக்குங்கள். 1971 போரில் இந்தியாவின் வசம் வந்த பால்டி மக்களின் கிராமம். சுற்றுலாவுக்குத் திறந்ததே 2010-இல்தான். வாய்க்கால் ஓரமாக, ஆப்ரிகாட் மரங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கலாம். கற்களை அடுக்கிக் கட்டிய குளிர் அறைகளில் வெண்ணெயும் இறைச்சியும் வைப்பார்கள். வாசலில் நின்றாலே உள்ளிருந்து சில்லென்று காற்று வரும். ஊர்க்காரர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஆறாம் நாள் நூப்ராவிலிருந்து ஷயோக் ஆற்றோரச் சாலையில் நேராகப் பாங்காங். லேக்குத் திரும்பி வர வேண்டியதில்லை, ஆனால் விடியற்காலையில் கிளம்பியாக வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் நீர் ஏறும். பாங்காங் சுமார் 134 கிலோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். நீர் உவர்ப்பு, வெளியேற வழியில்லாத ஏரி, அப்படியும் பனிக்காலத்தில் உறைந்துவிடும். வண்டிகள் எல்லாம் முதலில் நிற்கிற இடத்தில் சினிமாப் படப்பிடிப்பை நினைவுபடுத்தும் மஞ்சள் ஸ்கூட்டரும் வண்ண வண்ண ஸ்டூல்களும் வாடகைக்கு நிற்கும். அதைக் கடந்து ஸ்பாங்மிக், மான், மேராக் என்று உள்ளே போகப் போக அமைதி. முன்பு சொன்ன 500 மீட்டர் வரம்பை இந்த ஒரு ஏற்றம் மீறுகிறது, அதனால் ஒரே ஒரு இரவு போதும், அதுவும் கூடாரத்தை விட வீட்டுத் தங்கல் கதகதப்பாக இருக்கும். முந்தின நாட்களில் தலைவலி இருந்தவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு, 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கும் தாங்சேக்குத் திரும்பிப் படுக்கலாம். ஏரி எங்கேயும் ஓடிவிடாது.

ஏழாம் நாள் சாங் லா வழியாக லே. எட்டாம் நாள் சும்மா இருக்கட்டும். வழி அடைபட்டால் இந்த நாள்தான் கைகொடுக்கும். அடைபடாவிட்டால் காலையில் 19 கிலோமீட்டர் தள்ளியுள்ள திக்சே மடாலயத்துக்கு, துறவிகளின் காலைப் பிரார்த்தனை நேரத்துக்குப் போங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். குட்டித் துறவிகள் பித்தளைக் கெண்டியில் வெண்ணெய்த் தேநீர் கொண்டுவந்து உங்களுக்கும் ஊற்றக்கூடும். உப்பாக இருக்கும், டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

டாக்சி, அனுமதி, போன், பணம்

இந்தப் பயணத்தில் பெரிய செலவு தங்குமிடம் அல்ல, டாக்சி. லே டாக்சி சங்கம் ஒவ்வொரு வழிக்கும் கட்டணம் நிர்ணயித்து வைத்திருக்கிறது. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பேரம் சிறிய அளவில்தான் நடக்கும். வெளிமாநிலத்தில் வாடகைக்கு எடுத்த காரையோ பைக்கையோ கொண்டுவந்து பாங்காங், நூப்ரா சுற்ற விடமாட்டார்கள். சொந்த வண்டி என்றால் பிரச்சினை இல்லை. தனியாகவோ இருவராகவோ வந்தால் கடைத்தெரு டிராவல்ஸ் கடைகளின் வாசலில் "பாங்காங்குக்கு இரண்டு பேர் தேவை" என்று ஒட்டியிருக்கும் தாள்களைப் பாருங்கள், செலவு பாதியாகும்.

நூப்ரா, பாங்காங், ஹன்லே போன்ற எல்லைப் பகுதிகளுக்கான அனுமதியும் சுற்றுச்சூழல் கட்டணமும் லே நிர்வாகத்தின் இணையதளத்திலேயே முடித்துவிடலாம். சில நூறு ரூபாய்தான். விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அச்செடுத்து நாலைந்து நகலும், ஆதார் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நம்மவர்களுக்கு விதி வேறு. பதிவு பெற்ற முகவர் மூலம், வேறு அனுமதி.

போன் விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் எதுவும் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். குழுவில் இரண்டு பேராவது, வெவ்வேறு நிறுவனத்துப் போஸ்ட்பெய்டு எண் வைத்திருப்பது நல்லது. லேயைத் தாண்டினால் சிக்னல் இருக்கும் ஊர் சில, இல்லாத ஊர் பல. வீட்டில் "இரண்டு நாள் பேச முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அம்மா ஊரையே கூட்டிவிடுவார். சிக்னல் இல்லாத இடத்தில் ஜி.பே.யும் இல்லை. லே ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பையில் என்ன?

தடித்த ஒரே கோட்டை விட, ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுகிற மூன்று மெல்லிய உடைகள் நல்லது. பகல் வெயிலில் கழற்றுவீர்கள், மேகம் மறைத்ததும் திரும்பப் போடுவீர்கள். சன்ஸ்கிரீன், கருப்புக் கண்ணாடி, உதட்டுக்கு லிப் பாம் மூன்றும் கட்டாயம். "நாம் பார்க்காத வெயிலா" என்ற வீராப்பு அங்கே மூக்குத் தோல் உரிவதில் போய் முடியும். மூக்கு வறண்டு லேசாக ரத்தம் கசியலாம். தடவிக்கொள்ளத் தேங்காய் எண்ணெய் கொண்டுபோனால் அகன்ற வாய் டப்பாவில் கொண்டுபோங்கள், பாட்டிலில் இருந்தால் வெண்ணெய்க்கட்டியாக உறைந்து ஒரு சொட்டு வெளியே வராது. ஷாம்பு பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், உள்ளே அழுத்தம் கூடிப் பீய்ச்சி அடிக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டே போகாமல் சொந்த பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே சேரும் குப்பைக்குப் போக இடமில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். துக்பா சூப், மோமோ, கம்பீர் ரொட்டி, மலைப்பாதைக் கடைகளில் மேகியும் சோறு-பருப்பும் எங்கேயும் கிடைக்கும். சோறு நன்றாக வேகவில்லையே என்று சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள். லேயிலேயே தண்ணீர் 88 டிகிரி அளவில் கொதித்துவிடும், பாங்காங்கில் இன்னும் குறைவு. குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. வீட்டிலிருந்து கொஞ்சம் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் குழுவில் உங்களுக்குத் தனி மரியாதை.

கிராமங்களில் உலர் கழிப்பறை இருக்கும். மேலே துவாரம், கீழே அறை, பக்கத்தில் மண்ணும் மண்வெட்டியும். தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணைத் தள்ள வேண்டும். முகம் சுளிக்க ஒன்றுமில்லை, குடிதண்ணீருக்கே பனி உருக வேண்டிய ஊரில் அதுதான் முறை. வயலுக்கு உரமும் அதுதான்.

ஹன்லேவையும் சேர்க்கலாமா?

லீவு இன்னும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருந்தால், பாங்காங்குக்குப் பிறகு சேர்க்கலாம். கிராமமே 4,200 மீட்டருக்கு மேல் என்பதால் முதல் வாரத்தில் வேண்டாம். 2022-இல் இரவு வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. குன்றின் மேல் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நடத்துவது, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தையும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். ராத்திரி ஊரிலேயே பயிற்சி பெற்ற இளைஞர்களும் பெண்களும் சிறு தொலைநோக்கி வைத்து வானத்தைக் காட்டுவார்கள். அமாவாசையை ஒட்டிப் போங்கள். பௌர்ணமியில் போனால் அவ்வளவு தூரம் போனதற்குப் பலன் பாதிதான். இருட்டிய பிறகு வண்டியின் ஹெட்லைட்டையோ டார்ச்சையோ அடித்துத் திரியாதீர்கள், ஊரே சண்டைக்கு வரும்.

திரும்பும் டிக்கெட்

லேயில் வானிலை கெட்டால் காலை விமானம் ரத்தாகும், ரத்தானால் பெரும்பாலும் மறுநாள் காலைதான். அதனால் லே–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–சென்னை தனியாக இன்னொரு டிக்கெட் என்று அதே நாளில் நெருக்கிப் போடாதீர்கள். ஒரே பதிவில் சேர்த்து வாங்கினால், முதல் விமானம் போகாவிட்டால் அடுத்ததை மாற்றித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் இரண்டாவதற்கான பணம் போனது போனதுதான். அலுவலகத்தில் திங்கட்கிழமை தவிர்க்க முடியாத கூட்டம் இருக்கிறது என்றால், லேயிலிருந்து சனிக்கிழமையே கிளம்பிவிடுங்கள்.